சென்னையில் நாய், பூனைக்கு டாக்டர் பார்ப்பதும் செலவைச் சமாளிப்பதும்: முழுமையான வழிகாட்டி

நாய்க்கோ பூனைக்கோ டாக்டர் தேடும் வேலையைப் பலர் அதற்கு உடம்பு முடியாமல் போன அன்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு வாந்தி நிற்கவில்லை, போனைத் தட்டினால் முதலில் வருகிற கிளினிக்குக்கு ஓட்டம். அந்த நேரத்தில் டாக்டர் எப்படிப்பட்டவர் என்று பார்க்கவும் முடியாது, எவ்வளவு ஆகும் என்று நிதானமாகக் கேட்கவும் வாய் வராது. நீட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து பில்லைப் பார்த்து மலைப்பதுதான் மிச்சம்.

டாக்டரைத் தேர்ந்தெடுப்பதையும் செலவைத் திட்டமிடுவதையும் நான் ஒரே வேலையாகத்தான் பார்க்கிறேன். எந்த டாக்டரிடம் பணத்தைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேச முடிகிறதோ, அவரே உங்கள் வீட்டுக்கு ஏற்ற டாக்டர். ஏசி, பளபளப்பான ரிசப்ஷன், சுவரில் தொங்கும் போட்டோக்கள் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதல் படி: ஊரில் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சென்னையில் செல்லப் பிராணி வைத்தியம் சில அடுக்குகளாக இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு வேலைக்குப் பொருந்தும்.

தெருமுனையில் ஒரு டாக்டரும் ஒரு உதவியாளரும் நடத்தும் சின்ன கிளினிக் முதல் அடுக்கு. தடுப்பூசி, வயிற்றுப் பூச்சிக்கு மருந்து, தோல் அரிப்பு, வயிற்றுப்போக்கு, காதுவலி என்று வருஷத்தில் வருகிற பிரச்சினைகளில் பெரும்பாலானவை இங்கேயே முடிந்துவிடும். அடுத்தது எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஆபரேஷன் தியேட்டர், இரவு அட்மிஷன் எல்லாம் ஒரே கூரையின் கீழ் உள்ள பெரிய தனியார் மருத்துவமனை. வசதி அதிகம், அதற்கேற்ற பில்லும் வரும்.

மூன்றாவது, வேப்பேரி. சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை. 1903-ல் தொடங்கிய கல்லூரி இது. 1989-ல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இப்போது இயங்குகிறது. நாய்களுக்கு டயாலிசிஸ், விலங்குகளுக்கான ரத்த வங்கி என்று தனியாரில் எளிதில் கிடைக்காத வசதிகள் இங்கே உண்டு, கட்டணமும் மிகக் குறைவு. இதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

இவை தவிர, கால்நடை பராமரிப்புத் துறையின் மருத்துவமனை சைதாப்பேட்டையில் இருக்கிறது. திரு.வி.க. நகர், நுங்கம்பாக்கம், கண்ணம்மாபேட்டை, மீனம்பாக்கம் போன்ற இடங்களில் மாநகராட்சியே செல்லப் பிராணி கிளினிக் நடத்துகிறது. 1959-ல் தொடங்கிய புளூ கிராஸ் கிண்டியில் இருக்கிறது. தெருவில் அடிபட்டுக் கிடக்கும் நாய்க்கும் பூனைக்கும் பலர் முதலில் நினைப்பது அவர்களைத்தான்.

நான் சொல்லும் வழி இதுதான்: வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக் டாக்டரைக் குடும்ப டாக்டராக வைத்துக்கொள்ளுங்கள். இரவு நேரத்துக்கு ஒரு பெரிய மருத்துவமனையைக் குறித்து வையுங்கள். பெரிய நோய் என்றால் வேப்பேரி. இந்த மூன்றும் கையில் இருந்தால் சென்னையில் எந்தச் சூழ்நிலையையும் சமாளிக்கலாம்.

இரண்டாம் படி: பெயர் சேகரிப்பது

இணையத்தில் போடும் நட்சத்திரங்களை நான் அதிகம் நம்புவதில்லை. ஐந்து நட்சத்திரம் போட்டவர் தடுப்பூசிக்கு மட்டும் போயிருப்பார், ஒரு நட்சத்திரம் போட்டவர் துக்கத்தில் போட்டிருப்பார். தெரு நாய்களுக்குச் சோறு போடுகிறவர்களைக் கேளுங்கள். ஒவ்வொரு பேட்டையிலும் இப்படி நாலு பேர் இருப்பார்கள், காலையில் வாளியோடு போகும் அக்கா, ராத்திரி ஸ்கூட்டரில் வரும் அண்ணன் என்று. அவர்கள் சொந்தக் காசைப் போட்டு வைத்தியம் பார்க்கிறவர்கள். எந்த டாக்டர் தேவையில்லாமல் டெஸ்ட் எழுத மாட்டார், யார் ராத்திரியில் போன் எடுப்பார், யாருக்கு ஆபரேஷன் கைவந்த கலை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவை விட இவர்கள் வாய்ச்சொல் மேல்.

பெயர் கிடைத்ததும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலில் பதிவு. கால்நடை மருத்துவம் பார்க்க பி.வி.எஸ்சி. பட்டமும் மாநில கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவும் வேண்டும். 1984-ம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் இதைச் சொல்கிறது. மருந்துச் சீட்டிலோ போர்டிலோ பதிவு எண் இருக்கும், இல்லாவிட்டால் கேளுங்கள். நாய் விற்கிறவரும் குரூமிங் செய்கிறவரும் ஊசி போட்டுவிடும் வழக்கம் இங்கே நிறைய நடக்கிறது. நூறு இருநூறு மிச்சம் பிடிக்கப் போய், சரியாக வேலை செய்யாத தடுப்பூசியோடு நிற்பீர்கள். மேல்படிப்பான எம்.வி.எஸ்சி. முடித்தவர் என்றால் எந்தப் பிரிவில் என்றும் கேளுங்கள். அறுவை சிகிச்சை, பொது மருத்துவம், மகப்பேறு என்று அதில் தனித்தனிப் பிரிவுகள் உண்டு.

இரண்டாவது தூரம். ஓ.எம்.ஆரில் இருந்துகொண்டு அண்ணா நகரில் பெயர் பெற்ற டாக்டரைக் குடும்ப டாக்டராக வைப்பது சரிவராது. மே மாத வெயிலில், டிராஃபிக்கில், மூச்சு வாங்கும் பக் இன நாயை ஆட்டோவில் ஒரு மணி நேரம் கொண்டுபோவதே ஆபத்து. அரை மணிக்குள் போய்ச்சேரும் இடமாகப் பாருங்கள்.

மூன்றாவது, பூனை வைத்திருப்பவர்களுக்கு மட்டும்: அந்த டாக்டர் பூனை பார்க்கிறாரா என்று கேளுங்கள். நாயில் கெட்டிக்காரராக இருந்தும் பூனையைத் தொடத் தயங்குகிறவர்கள் உண்டு.

மூன்றாம் படி: நன்றாக இருக்கும்போதே ஒரு தடவை கூட்டிப்போங்கள்

இந்தப் படியை யாரும் தவிர்க்க வேண்டாம். தடுப்பூசிக்கோ சும்மா ஒரு செக்கப்புக்கோ கூட்டிப்போய், டாக்டர் என்ன செய்கிறார் என்று உட்கார்ந்து கவனியுங்கள்.

நல்ல டாக்டர் முதலில் எடை பார்ப்பார். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது என்பதால் கண்ணால் மதிப்பிட்டு எழுதுவது சரியில்லை. அப்புறம் காய்ச்சல் பார்ப்பார். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருப்பது சாதாரணம். உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பார்ப்பார், விரலால் அமுக்கி விடுவார். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். காதுக்குள் பார்ப்பார், தாடைக்குக் கீழே நெறி கட்டியிருக்கிறதா என்று தடவுவார், வயிற்றை இரண்டு கையாலும் மெதுவாக அமுக்குவார், ஸ்டெத்தை வைத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் கேட்பார். இதெல்லாம் சேர்ந்து ஐந்து பத்து நிமிஷம்தான். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே "பையனுக்கு என்ன?" என்று கேட்டுவிட்டு ஊசியை எடுக்கிறவரிடம் அடுத்த தடவை போக வேண்டியதில்லை. கையால் செய்யும் இந்தப் பரிசோதனை சரியாக நடந்தால்தான் பின்னால் எழுதும் டெஸ்ட்டுகள் குறையும்.

தடுப்பூசி போடும்போது கண்ணை எடுக்காதீர்கள். மருந்து பிரிட்ஜில் இருந்து வர வேண்டும், 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைத்திருக்க வேண்டிய பொருள் அது. நாய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியில் ஒரு சின்ன குப்பியில் காய்ந்த மருந்தும் இன்னொன்றில் திரவமும் இருக்கும், உங்கள் கண்முன்னே கலந்து போட வேண்டும். குப்பியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்து தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டி, தேதி போட்டு, கையெழுத்தும் முத்திரையும் வைக்க வேண்டும். ஸ்டிக்கரில் காலாவதித் தேதியைப் படியுங்கள். முன்கூட்டியே சிரிஞ்சில் ஏற்றி வைத்த மருந்தை ஏற்காதீர்கள். கரன்ட் போனால் பிரிட்ஜுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்பதிலும் தப்பில்லை.

அதே நாளில் சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். ராத்திரி அவசரம் என்றால் உங்களைக் கூப்பிடலாமா, இல்லை வேறு எங்கே அனுப்புவீர்கள்? திரும்பக் காட்ட வரும்போது தனிக் கட்டணம் உண்டா? ரத்தப் பரிசோதனை இங்கேயே எடுப்பீர்களா, வெளி லேபுக்கு அனுப்புவீர்களா? கருத்தடை ஆபரேஷனுக்கு மொத்தம் எவ்வளவு, அதில் மயக்க மருந்து, ரத்தப் பரிசோதனை, தையல் பிரிப்பது எல்லாம் அடக்கமா? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிற இடத்தில் நாளைக்குப் பெரிய பில் வரும்போது பேசவே முடியாது.

நான்காம் படி: பணத்தைப் பற்றி வாயைத் திறந்து பேசுங்கள்

நம்மவர்களுக்கு இதில்தான் தயக்கம். "பணமா முக்கியம், நீங்க பாருங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு, மூன்றாம் நாள் மருந்தை நிறுத்திவிடுகிறோம். டாக்டருக்கு அது தெரியாது. நோய் திரும்பி வரும்போது இரண்டு மடங்கு செலவு.

இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "டாக்டர், இன்னைக்கு என்கிட்ட நாலாயிரம் ரூபாய் இருக்கு. எந்த டெஸ்ட் இப்பவே எடுக்கணும், எது ரெண்டு நாள் பொறுக்கலாம்? இந்த ரிசல்ட் எப்படி வந்தா வைத்தியம் மாறும்?" கடைசிக் கேள்வி முக்கியமானது. எப்படி வந்தாலும் கொடுக்கப்போகும் மருந்து ஒன்றுதான் என்றால், அந்த டெஸ்ட்டைத் தள்ளிப்போடலாமா என்று தாராளமாகக் கேட்கலாம். நல்ல டாக்டர் இதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார். அவரிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் பணத்துக்குக் கணக்குப் பார்க்கிறவர்கள்தான். கையிருப்பு தெரிந்தால் அதற்கேற்ற மாதிரி வரிசைப்படுத்திக் கொடுப்பார்.

சென்னையில் அடிக்கடி வருகிற உண்ணிக் காய்ச்சலை வைத்தே இதைப் பார்க்கலாம். நாய் சாப்பாட்டை மோந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். உடம்பு சுடும், ஈறு வெளுக்கும். சிலதுக்கு மூக்கில் ரத்தம் வரும், சிலதுக்கு அடிவயிற்றில் குண்டூசித் தலை அளவு சிவப்புப் புள்ளிகள் தெரியும். எர்லிக்கியா, பபேசியா என்ற கிருமிகள் உண்ணி வழியாக ரத்தத்தில் ஏறியிருக்கும். முதலில் வேண்டியது முழு ரத்த அணு எண்ணிக்கை. அதில் தட்டணு சாதாரணமாக 2 லட்சத்தை ஒட்டியோ மேலேயோ இருக்க வேண்டும், உண்ணிக் காய்ச்சலில் சரிந்து கிடக்கும். பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) என்று போட்டிருக்கும் எண் 37-க்குக் கீழே போனால் ரத்தசோகை. இதோடு ரத்தத்துளியைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் 'ஸ்மியர்' பரிசோதனை, செலவு குறைந்தது, நல்ல கைகளில் நிறையச் சொல்லும். இரண்டு நோய்க்கும் மருந்து வேறு வேறு என்பதால் எது என்று கண்டுபிடிப்பது அவசியம். கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். டெஸ்ட்டை முதல் நாளே எடுக்க வேண்டுமா, ஸ்மியரில் தெரியாவிட்டால் எடுக்கலாமா என்பதை டாக்டரிடம் பேசி முடிவு செய்யலாம். எர்லிக்கியா என்றால் மாத்திரை பெரும்பாலும் 28 நாள். ஐந்தாம் நாளே நாய் துள்ளிக் குதிக்கும், அப்போது நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். நிறுத்தினால் கிருமி உடம்பிலேயே தங்கி, மாதக்கணக்கில் கழித்துப் பெரிதாகத் தாக்கும்.

எந்தப் பெரிய சிகிச்சைக்கும் முன்னால் மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். அட்மிட் செய்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு, டிரிப்ஸும் மருந்தும் அதில் சேர்த்தியா, எந்தத் தொகையைத் தாண்டும் முன் உங்களுக்குப் போன் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

ஐந்தாம் படி: வருஷத்துக்கு ஒரு கணக்கு

தெரிந்த செலவை முதலில் எழுதுங்கள். நாய்க்குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் ஊசி. மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை திரும்பப் போட வேண்டும். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில். பின்னர் ஆண்டுதோறும். இதில் ஒரு தவணையைக் கூட மிச்சம் பிடிக்காதீர்கள். பார்வோ என்ற வைரஸ் நோய் வந்த குட்டி ரத்தபேதியோடு அட்மிட் ஆகி ஒரு வாரம் டிரிப்ஸில் கிடந்தால் ஆகும் செலவு, அதன் வாழ்நாள் தடுப்பூசிச் செலவையே தாண்டிவிடும், பிழைப்பதும் நிச்சயமில்லை. நவம்பர் மழையில் தண்ணீர் தேங்கும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, வட சென்னைப் பகுதிகளில் இருப்பவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்பும் ஊசியில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் பரவும் நோய் அது, மனிதருக்கும் தொற்றும்.

ரேபிஸ் ஊசியை இலவசமாகப் போடும் முகாம்கள் நடக்கின்றன. ஜூலை 6 (விலங்குவழி நோய்கள் தினம்), செப்டம்பர் 28 (உலக ரேபிஸ் தினம்) ஆகிய நாள்களை ஒட்டிச் செய்தித்தாளைக் கவனியுங்கள்.

பூச்சி மருந்து குட்டிக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, மூன்று மாதம் ஆனபின் மாதம் ஒரு தடவை, ஆறு மாதத்துக்கு மேல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான கணக்கு.

உண்ணிக்கு நம் ஊரில் விடுமுறையே கிடையாது. மாதம் ஒன்று கொடுக்கும் மாத்திரையும் உண்டு, பன்னிரண்டு வாரம் தாங்கும் மாத்திரையும் உண்டு. இரண்டின் விலையையும் மாதக் கணக்கில் வகுத்துப் பார்த்து எது கட்டுப்படி ஆகிறது என்று முடிவு செய்யுங்கள். எடைக்கு ஏற்ற பாக்கெட்தான் வாங்க வேண்டும். நாய் மேல் தெரியும் உண்ணி மொத்தக் கூட்டத்தில் ஒரு பகுதிதான். ரத்தம் குடித்த பெட்டை உண்ணி கீழே இறங்கிச் சுவர் விரிசலிலும் கட்டிலின் அடியிலும் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். வீட்டைச் சுத்தம் செய்யாமல் மாத்திரை மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. தினமும் ராத்திரி காது மடல், கழுத்துப் பட்டைக்குக் கீழே, கால் விரல் இடுக்கு மூன்றையும் தடவிப் பாருங்கள். ஒரு முக்கிய எச்சரிக்கை: நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். பெர்மெத்ரின் கலந்தது என்றால் பூனை செத்துப்போகும்.

கருத்தடை ஆபரேஷனைப் பலர் செலவாகவே பார்க்கிறார்கள். கருத்தடை செய்யாத பெட்டை நாய்க்கு வயதான காலத்தில் கருப்பையில் சீழ் கட்டுவது அடிக்கடி வரும் நோய். தீட்டு முடிந்து சில வாரத்தில் தண்ணீர் நிறையக் குடிக்கும், சோர்ந்து படுக்கும், சிலதுக்குக் கீழே சீழ் வடியும். அப்போது நடு ராத்திரியில், உடம்பு கெட்ட நிலையில் செய்யும் ஆபரேஷன் பல மடங்கு செலவு, உயிருக்கும் ஆபத்து. எந்த வயதில் செய்வது என்பது இனத்தையும் உடல் அளவையும் பொறுத்தது, டாக்டரைக் கேளுங்கள்.

மாநகராட்சி உரிமத்தையும் கணக்கில் சேருங்கள். 2025-ல் கட்டணம் 50 ரூபாயாக இருந்தது, ஆன்லைனில் எடுக்கலாம். ரேபிஸ் ஊசிச் சான்று, முகவரிச் சான்று, போட்டோ வேண்டும். உரிமமும் மைக்ரோசிப்பும் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) இல்லாத நாய்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்று 2025-ல் மாநகராட்சி அறிவித்தது. சிப் இருந்தால் தீபாவளி வெடிச்சத்தத்தில் மிரண்டு ஓடிய நாயைக் கண்டுபிடிக்கவும் உதவும்.

சாப்பாட்டில் மிச்சம் பிடிக்க ஒரு வழி, அளவாகப் போடுவது. லேப்ரடாருக்குத் தயிர்சாதமும் மேரி பிஸ்கட்டும் ஊட்டிக் குண்டாக்கினால் மூட்டு வலி வைத்தியத்துக்கு அந்தக் காசு போகும். கடையில் மூட்டையைப் பிரித்து நிறுத்து விற்கும் தீவனம் நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும், வாங்காதீர்கள். வெந்த எலும்பு வேண்டவே வேண்டாம். குடலில் சிக்கினால் ஆபரேஷன்தான்.

தெரியாத செலவுக்குத் தனியாக ஒரு கணக்கு திறந்து மாதம் 1,000 ரூபாய் போடுங்கள். ஒரு வருஷத்தில் 12,000, மூன்று வருஷத்தில் 36,000. இளம் வயதில் செலவு குறைவு என்பதால் அது சேரும், எட்டு வயதுக்கு மேல் கைகொடுக்கும். காப்பீடும் இருக்கிறது. பொதுத்துறை நிறுவனங்களும் தனியாரும் நாய்க்குத் தருகிறார்கள். ஆனால் ஏற்கெனவே இருக்கும் நோய், தடுப்பூசி, பல் சுத்தம் போன்றவை பெரும்பாலும் சேராது. சேர்வதற்கு வயது வரம்பு உண்டு, காத்திருப்புக் காலம் உண்டு. இளம் நாய், பெரிய இனம் என்றால் எடுப்பதை யோசிக்கலாம். நாட்டு நாய் வைத்திருப்பவர்களுக்கு மாதச் சேமிப்பே போதும் என்பது என் கருத்து.

மருந்து வாங்கும் விஷயம்

டாக்டர் எழுதும் மாத்திரைகளில் பல, மனிதருக்கு விற்கும் அதே மருந்துதான். டாக்ஸிசைக்ளின், அமாக்ஸிசிலின், மெட்ரோனிடசோல் எல்லாம் அப்படித்தான். "டாக்டர், மருந்தின் பெயரை எழுதிக் கொடுங்க, மக்கள் மருந்தகத்தில் வாங்கிக்கிறேன்" என்று கேளுங்கள். விலை வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் கேட்டுப் பார்க்கலாம்.

ஆனால் சீட்டு இல்லாமல் நீங்களாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. பாரசிட்டமால் பூனைக்கு விஷம், அரை மாத்திரையே கொல்லும். ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். போன தடவை எழுதிய ஆன்டிபயாடிக்கை இந்தத் தடவையும் கொடுப்பது, அரிப்புக்கு ஸ்டீராய்டு ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்வது இரண்டும் பின்னால் பெரிய செலவில் கொண்டுவிடும். ஊசி போட்டதும் அரிப்பு மாயமாக நின்றால், "இது ஸ்டீராய்டா?" என்று கேட்டுக் குறித்து வையுங்கள்.

வேப்பேரிக்குப் போவது எப்படி

அங்கே கூட்டம் அதிகம், பொறுமை வேண்டும் என்பது உண்மைதான். அதற்காக ஒதுக்க வேண்டாம். காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் சீட்டுக்கு நிற்கும்போது இன்னொருவர் நாயோடு நிழலில் இருக்கலாம். கழுத்துச் சங்கிலி, தேவைப்பட்டால் வாய்க்கவசம், தண்ணீர், ஒரு பழைய துணி எடுத்துக்கொள்ளுங்கள். பூனையை மூடிய கூடையில் வைத்து, மேலே துண்டு போர்த்திக் கொண்டுபோங்கள். சுற்றிலும் நாய் குரைப்பதைக் கேட்டே அது பாதி பயந்துவிடும்.

முதலில் மாணவர்கள் விசாரிப்பார்கள், அப்புறம் பேராசிரியர் பார்ப்பார். ஒரே கதையை இரண்டு மூன்று பேரிடம் சொல்ல வேண்டியிருக்கும். இதில் சலித்துக்கொள்ள ஒன்றுமில்லை, பல கண்கள் பார்ப்பது உங்கள் நாய்க்கு நல்லதுதான். எப்போது ஆரம்பித்தது, எத்தனை தடவை வாந்தி, கடைசியாக எப்போது சாப்பிட்டது, என்னென்ன மருந்து கொடுத்தோம் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் வேலை சுலபம். பழைய ரிப்போர்ட்டுகளையும் கொண்டுபோங்கள், அதே டெஸ்ட்டை மறுபடி எடுக்க வேண்டியிருக்காது. ஸ்கேன், ஆபரேஷன் தேதி உடனே கிடைக்காமல் போகலாம். காத்திருக்கக் கூடிய நோயா என்பதைக் குடும்ப டாக்டரிடம் கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள். ஸ்கேனைத் தனியாரில் எடுத்துக்கொண்டு ஆபரேஷனுக்கு வேப்பேரி போகிறவர்களும் இருக்கிறார்கள், அது நல்ல யோசனை.

ராத்திரி அவசரம்

எதற்கெல்லாம் விடியும் வரை காத்திருக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். ஈறு வெள்ளையாக இருப்பது. பெரிய நாய் வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் தவிப்பது. வலிப்பு ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடிப்பது. பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்குவது. கடுவன் பூனை மண் தட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தும் மூத்திரம் வராமல் கத்துவது. மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு நாள் தள்ளினால் சிறுநீரகமே போய்விடும். எலி மருந்து தின்றிருந்தால் அந்தப் பாக்கெட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில் மூச்சிரைத்து விழுந்த நாய்க்குச் சாதாரணத் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, ஃபேன் போட்டு, உடனே கிளம்புங்கள். ஐஸ் வேண்டாம்.

புறநகரில் காலி மனைகளுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள், பாம்புக்கடி மருந்து எங்கே இருப்பு வைத்திருக்கிறார்கள் என்று இன்றே போன் செய்து கேட்டு வையுங்கள். கிளம்பும் முன் போன் செய்து, டாக்டர் இருக்கிறாரா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். '24 மணி நேரம்' என்று போர்டு இருந்தும் ராத்திரியில் உதவியாளர் மட்டுமே இருக்கும் இடங்கள் உண்டு. நாய் ஏற்றத் தயங்காத ஒரு ஆட்டோக்காரரின் எண்ணும் வேண்டும்.

வீட்டுக்கு வரும் டாக்டர்கள் தடுப்பூசிக்கும், எழுந்து நடக்க முடியாத வயதான நாய்க்கும் நல்ல உதவி. உயிர் போகும் நிலையில் அவருக்காகக் காத்திருக்க வேண்டாம்.

டாக்டரை மாற்றுவதும் இன்னொருவரைக் கேட்பதும்

மூன்று தடவை போயும் குணமில்லை, என்ன நோய் என்ற விளக்கமும் இல்லை, ரிப்போர்ட்டைக் கையில் தரவும் மறுக்கிறார் என்றால் மாற்றிவிடுங்கள். ரிப்போர்ட் நீங்கள் காசு கொடுத்து எடுத்தது, கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு சீட்டையும் அன்றே போட்டோ எடுத்து, உங்களுக்கே ஒரு வாட்ஸ்அப் குழு வைத்து அதில் போட்டுவிடுங்கள். எடையையும் மாதாமாதம் எழுதுங்கள், நோய் வெளியே தெரிவதற்கு முன்பே எடை குறைய ஆரம்பித்திருக்கும்.

பெரிய ஆபரேஷன் என்றால் இன்னொரு டாக்டரிடம் கேட்பது அவமரியாதை இல்லை. "வேப்பேரியிலும் ஒரு தடவை காட்டிட்டு வரேன் டாக்டர்" என்று சொன்னால் நல்லவர்கள் தாங்களே கடிதம் எழுதித் தருவார்கள்.

கட்டவே முடியாத தொகை வந்தால் அதையும் நேரடியாகச் சொல்லுங்கள். தவணையாகக் கட்டலாமா, குறைந்த செலவில் வேறு வழி உண்டா, இதே சிகிச்சைக்கு வேப்பேரியில் இடம் கிடைக்குமா என்று கேளுங்கள். வயதான பிராணிக்குக் குணமாகும் வாய்ப்பு இல்லை என்றால், வலி தெரியாமல் வைத்துக்கொள்ளும் மருந்து மட்டும் போதுமா என்றும் கேட்கலாம். கடைசி ஊசியைப் பற்றியும், அதற்குப் பின் அடக்கத்துக்கோ எரியூட்டவோ என்ன ஏற்பாடு, எவ்வளவு ஆகும் என்பதையும், நாய் இன்னும் எழுந்து வாலாட்டுகிற நாள்களிலேயே டாக்டரிடம் விசாரித்து வைத்துவிடுங்கள்.